ஆட்டோமேட்டிக் சிங்கிள் ஸ்ட்ரோக்: 110 டன் பிரஸ்ஸில் மூன்று ஆண்டுகள்

கோவை குறிச்சி சிட்கோவில் உள்ள எங்கள் பட்டறையில், பம்ப் மோட்டார்களுக்கு விசிறி மூடி அடிக்கும் 110 டன் ஏர் கிளட்ச் பிரஸ் (தகட்டை அழுத்தி வடிவமாக்கும் இயந்திரம்) ஒன்றுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு புதிய கன்ட்ரோலர் பொருத்தினோம். மோட்டார் ஸ்டாம்பிங் (மோட்டாரின் உட்கருத் தகடுகள்) அடிக்கும் பிரஸ்களுக்குக் காயிலிலிருந்து தகடு தானாக ஊட்டப்படுவதால் அவை தொடர் ஓட்டத்திலேயே ஓடிவிடும். விசிறி மூடிக்கு அப்படியல்ல. பிளாங்க் எனப்படும் வட்டமான வெட்டுத் தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, வடிவம் தரும் அச்சான டையில் வைக்க வேண்டும். ஆள் கையால் செய்துவந்த இந்த வேலைக்கு காற்றழுத்தத்தில் இயங்கும் நியூமாட்டிக் கை கொண்ட லோடர் ஒன்றை அமைத்தோம். அது பிளாங்கை வைத்து வெளியேற எடுக்கும் நேரம் ஒவ்வொரு முறையும் சற்று மாறும் என்பதால், ஒரு சிக்னலுக்கு ஒரே ஒரு ஸ்ட்ரோக் அடித்து, மேலும் கீழும் ஓடும் ராமை மேலே நிறுத்திவிடும் ஆட்டோமேட்டிக் சிங்கிள் ஸ்ட்ரோக் முறையைத் தேர்ந்தெடுத்தோம்.

தொடங்கும் விதம் எளிது. மோடு சாவி மேற்பார்வையாளரிடம் இருக்கும். சாவியைத் திருப்பி, ஆயத்தப் பொத்தானை அழுத்தி, அடுத்த சில விநாடிகளுக்குள் இரு கைப் பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினால் பிரஸ் ஆயத்தமாகிவிடும். அதன்பின் ஸ்ட்ரோக்கை முடிவுசெய்வது லோடரின் சிக்னல்தான். கரண்ட் போய்த் திரும்பினாலோ, லைட் கர்ட்டன் (பிரஸ்ஸின் முன் கை நுழைந்தால் அதை நிறுத்தும் ஒளித்திரை) தடைபட்டாலோ மறுபடியும் முதலிலிருந்தே தொடங்க வேண்டும்.

நாங்கள் தடுமாறியது அந்தச் சிக்னலை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான். முதலில் லோடரின் கை வெளியே வந்துவிட்டதைக் காட்டும் ப்ராக்ஸிமிட்டி சென்சாரை (தொடாமலே பொருளை உணரும் சென்சார்) நேராக இணைத்தோம். நான்காம் வாரத்தில், முந்தைய மூடி டையிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் அடுத்த பிளாங்க் வந்து உட்கார்ந்தது. கை ஒழுங்காக வெளியே வந்துவிட்டதால் பிரஸ்ஸும் ஒழுங்காக அடித்தது. டையின் பஞ்ச் விளிம்பு பெயர்ந்தது. கன்ட்ரோலர் மீது குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. நாங்கள் கேட்ட கேள்விக்கு அது சரியான விடையைத்தான் தந்தது. அதன்பின் மூடி வெளியே விழுந்தது, பிளாங்க் இருப்பிடத்தில் அமர்ந்தது, கை முழுவதும் விலகியது ஆகிய மூன்றும் நிறைவேறினால் மட்டுமே சிக்னல் போகுமாறு லோடரை இயக்கும் சிறு கணினியான பிஎல்சியில் மாற்றினோம். எங்கள் கன்ட்ரோலர் சிக்னல் அணைந்து மீண்டும் எரிவதை மட்டுமே புதிய கட்டளையாக ஏற்கும். எனவே ஏதோ கோளாறால் அந்தச் சிக்னல் எரிந்தபடியே நின்றாலும் அடுத்த ஸ்ட்ரோக் தானாக விழாது.

இரண்டாவதாகக் காத்திருப்பு நேரம். குறித்த விநாடிகளுக்குள் சிக்னல் வரவில்லையென்றால் ஆயத்த நிலை தானே நீங்கிவிடும். அடிக்கடி நிற்கிறதே என்ற எரிச்சலில் அதை 60 விநாடியாக வைத்திருந்தேன். ஒரு நாள் பிளாங்க் அடுக்கு தீர்ந்து, ஆபரேட்டர் பக்கவாட்டில் நின்று நிரப்பிக்கொண்டிருந்தார். நிரம்பியதும் லோடர் தன் போக்கில் ஓடத் தொடங்க, பிரஸ் திடீரென அடித்தது. அந்தப் பக்கம் நிலையான கம்பி வலைத் தடுப்பு இருந்ததால் யாருக்கும் அடியில்லை, ஆனால் அவர் முகம் வெளுத்துவிட்டது. இப்போது அது 8 விநாடி. லோடரின் சுற்றுக்கு 3 விநாடிக்குச் சற்று மேல் ஆவதால் இது தாராளமே.

பக்கத்துப் பட்டறைக்காரர் ஒருவர், "ஏனுங்க, கையை எடுத்ததும் கர்ட்டனே ஸ்ட்ரோக் அடிக்கிற மாதிரி வச்சுக்கலாமுங்களா?" என்று கேட்டார். அது முற்றிலும் வேறொரு இயக்க முறை. அதற்கெனத் தனிச் சான்றும் தனிக் கட்டுப்பாடுகளும் வேண்டும். கர்ட்டனின் வேலை இங்கே நிறுத்துவது மட்டுமே என்று சொல்லி அனுப்பினேன்.

உற்பத்தியைப் பொறுத்தவரை, தொடக்கத்தில் நிமிடத்துக்கு 14 மூடிகள் கிடைத்தன. ராம் கிராங்க் சுழற்சியில் 270 டிகிரியைக் கடந்து மேலேறும்போதே கையை உள்ளே அனுப்ப ஒரு கேம் வெளியீட்டை (குறித்த கோணத்தில் எரியும் சிக்னல்) ஒதுக்கி, அடுத்த பிளாங்கை ஸ்ட்ரோக் நடக்கும்போதே எடுக்க வைத்ததும் 17 ஆயிற்று. அதற்கு மேல் நான் முயலவில்லை, ஏனெனில் இந்த முறையின் உண்மையான செலவு கிளட்ச்சிலும் பிரேக்கிலும் இருக்கிறது. தொடர் ஓட்டத்தில் ஒரு ஷிப்டுக்குச் சில முறையே பிடிக்கும் கிளட்ச், இங்கே ஒவ்வொரு மூடிக்கும் பிடித்து விடுகிறது. இரண்டாம் ஆண்டின் முடிவில், கிராங்க் 90 டிகிரியில் இருக்கும்போது அளந்த மொத்த நிற்கும் நேரம் (நிறுத்தச் சொன்னதிலிருந்து ராம் நிற்கும்வரை) 0.21 விநாடியிலிருந்து 0.24 ஆகியிருந்தது. பாதுகாப்புத் தூரத்தைக் கணக்கிடும் ஐஎஸ்ஓ 13855 தரநிலையின் முறைப்படி, கை நெருங்கும் வேகம் விநாடிக்கு 2000 மி.மீ. எனக் கணக்கிட்டால், 14 மி.மீ. தடிமனுள்ள பொருளையும் கண்டறியும் எங்கள் கர்ட்டன் டையிலிருந்து 420 மி.மீ.க்குப் பதில் 480 மி.மீ. தள்ளியிருக்க வேண்டும். பொருத்திய நாளில் 450 மி.மீ.யில் வைத்திருந்ததால், பிரேக் லைனிங் மாற்றும் வரை ஓட்டத்தை நிறுத்தினோம். இப்போது மாதம் ஒருமுறை அளந்து பதிவேட்டில் எழுதுகிறோம்.

குறையென்று ஒன்றைச் சொல்லலாம். டை எண்ணை மாற்றினால் டன்னேஜ் வரம்பும் கேம் கோணங்களும் தாமே வந்துவிடுகின்றன. காத்திருப்பு நேரம் மட்டும் வருவதில்லை, பழைய எண்ணே நிற்கிறது. அதனால் ஒவ்வொரு டையின் பக்கவாட்டிலும் அந்த விநாடியை மஞ்சள் பெயின்டில் எழுதி வைத்திருக்கிறோம். டை ஏற்றும் ஃபிட்டர் அதைப் படித்துத் திரையில் சரிபார்த்த பிறகே சாவியை வாங்க வருவார்.