நோடலா மெஷ்ஷா? சர்க்யூட் கணக்குல என் ஓட்டு நோடலுக்குத்தான்

சர்க்யூட் பேப்பருக்குப் படிக்க ஒக்காந்தா பசங்களுக்குள்ள வர்ற மொத சண்டை இதுதான், நோடல்ல போடலாமா மெஷ்ல போடலாமான்னு. ரெண்டுமே சர்க்யூட்ல எங்க எவ்ளோ கரண்ட், எவ்ளோ வோல்டேஜ்னு கண்டுபிடிக்கற முறைங்க. நான் டிப்ளமோ படிச்சப்ப முழுக்க மெஷ்தான் போட்டுக்கினு இருந்தேன், பி.ஈ. லேட்டரல்ல (டிப்ளமோ முடிச்சி நேரா ரெண்டாவது வருஷம்) சேர்ந்த அப்பறம் நோடலுக்கு மாறுனேன், இப்போ வேலூர் சத்துவாச்சாரில எங்க தெரு பசங்களுக்கு சாயங்காலம் சொல்லிக் குடுக்கும்போதும் நோடலத்தான் மொதல்ல எடுக்கறேன்.

தெரிஞ்ச விஷயத்த சீக்கிரம் முடிச்சிடறேன். மெஷ்னா கேவிஎல் (ஒரு வளையத்த முழுசா சுத்தி வந்தா வோல்டேஜ் கூட்டல் சைபர்), கண்டுபிடிக்க வேண்டியது கரண்ட். நோடல்னா கேசிஎல் (ஒரு பாயின்ட்டுக்கு வர்ற கரண்ட்டும் போற கரண்ட்டும் சமம்), கண்டுபிடிக்க வேண்டியது வோல்டேஜ். ரெண்டுக்கும் அடிப்படை கிர்ச்சாஃப் 1845ல சொன்ன ரெண்டு விதி, அப்போ அவரும் ஸ்டூடன்ட்தான். நோடு, அதாவது பார்ட்ஸெல்லாம் ஒண்ணா சேர்ற பாயின்ட், எத்தனைன்னு எண்ணி அதுல ஒண்ணு கழிச்சா நோடல் ஈக்வேஷன், படத்துல எத்தனை ஜன்னல் (உள்ள குறுக்க எதுவும் போகாத வளையம்) தெரியுதோ அத்தனை மெஷ் ஈக்வேஷன், எது கம்மியோ அத எடுன்னு எல்லா சாரும் சொல்லுவாங்க. சரிதான். ஆனா ஒரு ஈக்வேஷன் கூடப் போனாலும் நான் நோடல்தான் எடுப்பேன், ஏன்னா போட்ட ஆன்சர் சரியான்னு பாக்கற வேலை அதுலதான் ஒழுங்கா நடக்குது.

ஒரு கணக்கு பாருங்க. இடது பக்கம் 20 வோல்ட் பேட்டரி, அதுலருந்து 2 ஓம் தாண்டி மேல ஒரு பாயின்ட். அந்த பாயின்ட்லருந்து கீழ கிரவுண்டுக்கு ஒரு 4 ஓம். அதே பாயின்ட்லருந்து வலது பக்கம் இன்னொரு 4 ஓம், அதுக்கு அந்தாண்ட 8 வோல்ட் பேட்டரி. ரெண்டு பேட்டரிக்கும் பிளஸ் மேல.

பேட்டரிங்களோட மேல் முனை வோல்டேஜ் முன்னாடியே தெரியும், தெரியாதது அந்த நடு பாயின்ட் வோல்டேஜ் வி மட்டும்தான். அதனால நோடல்ல ஒரே வரி: (வி-20)/2 + வி/4 + (வி-8)/4 = 0. வி = 12 வோல்ட். இடதுலருந்து வர்றது 4 ஆம்ப், நடுவுல எறங்கறது 3, வலதுல போறது 1. வந்தது 4, போனது 3+1, முடிஞ்சிது.

மெஷ்ல ரெண்டு ஜன்னல், இடது ஜன்னல்ல சுத்தற கரண்ட் ஐ1, வலதுல ஐ2, ரெண்டும் கடிகார முள் சுத்தற பக்கம். 6ஐ1 - 4ஐ2 = 20, அடுத்தது -4ஐ1 + 8ஐ2 = -8. இங்கயும் 4, 1ன்னு சரியா வரும். ஆனா அந்த -8 இருக்கு பாருங்க, அதுலதான் பாதிப் பேர் வழுக்கறாங்க, பேட்டரிய பாத்தவுடனே +8னு எழுதிடுவாங்க. அப்படி எழுதுனா ஐ1 = 6, ஐ2 = 4, நடுவுல 2 ஆம்ப்னு வரும். இப்போ செக் பண்ணுங்க: வந்தது 6, போனது 2+4. டேலி! போன வாரம் ஒரு பையன் இதே நோட்ட நீட்டி "அண்ணா, கேசிஎல் டேலி ஆவுதே, அப்பறம் இன்னா தப்பு?"ன்னு கேட்டான், நல்ல கேள்வி.

மெஷ் கரண்ட்னு எடுத்த நிமிஷமே கேசிஎல் தானா உக்காந்துடுது, நடு ரெசிஸ்டர்ல ஓடறது ஐ1 - ஐ2ன்னு நாமளே வச்சிட்டோம், அப்பறம் ஐ1, ஐ2க்கு எந்த நம்பர் வந்தாலும் அது டேலி ஆவத்தான் செய்யும். வரவையும் செலவையும் ஒரே சீட்ட பாத்து எழுதிட்டு கணக்கு சரியா இருக்குன்னு சொல்ற மாதிரிதான் அது. மெஷ்ல நெஜமா செக் பண்ணணும்னா வெளிச்சுத்து ஃபுல்லா கேவிஎல் போடணும்: 20 - 12 - 16 - 8 = -16 (12ங்கறது 2 ஓம்ல 6 ஆம்ப், 16ங்கறது வலது 4 ஓம்ல 4 ஆம்ப்), சைபர் வரல, அப்போதான் தப்பு மாட்டும். பரீட்சை ஹால்ல, அதுவும் வேலூர் ஏப்ரல் மே வெயில்ல, யாரு அவ்ளோ பொறுமையா சுத்தி வருவாங்க? நோடல்ல அதே சைன் (பிளஸ் மைனஸ்) தப்ப பண்ணி (வி+8)/4னு எழுதுனா வி = 8 வரும், இடதுல 6, நடுவுல 2, வலதுல சைபர், ஆறும் ரெண்டும் ஒட்டவே ஒட்டாது, அங்கயே புடிச்சிடலாம். ஒண்ணு மட்டும், கரண்ட்டெல்லாம் படத்த பாத்து எடுக்கணும், எழுதுன ஈக்வேஷன பாத்து எடுத்தா தப்பும் சேர்ந்து டேலி ஆயிடும்.

கால்குலேட்டர் விஷயமும் உண்டு. நம்ம பசங்க கையில இருக்கறது பெரும்பாலும் கேசியோ எஃப்எக்ஸ்-991எம்எஸ், மூணு ஈக்வேஷன் வரைக்கும் அதுவே போட்டுடும், ஆனா ஏசி சர்க்யூட் வந்து ஜே கலந்த நம்பர் (காம்ப்ளெக்ஸ் நம்பர், ஜேன்னா மைனஸ் ஒண்ணோட வர்க்கமூலம்) ஆச்சுன்னா அந்த ஈக்வேஷன் மோட் எடுத்துக்காது, கையாலதான் போடணும். மேல சொன்ன மாதிரி வோல்டேஜ் தெரியாத நோடு ஒண்ணே ஒண்ணு இருக்கற படம்னா காம்ப்ளெக்ஸ் மோட்ல ஒரு வகுத்தல், அவ்ளோதான். சர்க்யூட்ட கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்கற ஸ்பைஸ் மாதிரி சாஃப்ட்வேரும் உள்ள நோடு வோல்டேஜ வச்சித்தான் போடுது.

மெஷ்ஷ தூக்கிப் போடுன்னு நான் சொல்லல. எல்லாமே வோல்டேஜ் சோர்ஸா இருந்து ரெண்டு ஜன்னல் மூணு நாலு நோடுன்னு இருந்தா மெஷ் சட்டுனு முடியும், நோடல்ல சூப்பர்நோடு (வோல்டேஜ் சோர்ஸ் நடுவுல இருக்கற ரெண்டு நோட ஒண்ணா சேத்து எடுக்கறது) அது இதுன்னு இழுக்கும். ரெண்டு காயில் மியூச்சுவலா கப்ளிங் ஆன (ஒண்ணுல கரண்ட் மாறுனா இன்னொண்ணுல வோல்டேஜ் வர்ற) கணக்குக்கு மெஷ்தான் சரி, அங்க வோல்டேஜே கரண்ட்ட வச்சித்தான் எழுத வருது. ஒயர் ஒண்ண ஒண்ணு தாண்டாம வரையவே முடியாத சர்க்யூட்டுன்னா மெஷ் போடவே முடியாது, ஆனா ஃபர்ஸ்ட் இயர்ல அது வர்றது அபூர்வம். டிபென்டென்ட் சோர்ஸ் (சர்க்யூட்ல வேற எடத்து வோல்டேஜ், கரண்ட்ட பொறுத்து மாறுற சோர்ஸ்) நெறைய வர்ற பெரிய கணக்கு நான் அதிகம் போட்டதில்ல, அதுல எது மேல்னு அடிச்சி சொல்ல மாட்டேன்.

கேள்வியிலயே மெஷ் முறைல கண்டுபிடின்னு கேட்டா மெஷ்லதான் எழுதணும், நோடல்ல போட்டா ஆன்சர் சரியா இருந்தாலும் மார்க் போயிடும். அப்போ பேப்பர்ல மெஷ் போடுங்க, கடைசி பக்கத்துல ரஃப்பா ஒரு வரி நோடல் போட்டு நடு வோல்டேஜ் ஒத்துப்போவுதான்னு பாத்துக்குங்க.