கையேட்டில் இல்லாததை நம்பலாமா? எடைமேடை நிரலோடு என் அனுபவம்

சிலாங்கூரில் பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு செம்பனை ஆலையின் எடைமேடைக்கான சி மொழி நிரலைப் பல வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். லோரி ஏறி நின்றதும் எடையைப் படித்துக் கிராணியின் திரைக்கு அனுப்பும் சின்ன போர்டு. நிரல் என் கைக்கு வந்தபோதே அதில் ஜிசிசி கம்பைலரின் (நிரலை இயந்திரக் கட்டளையாக மாற்றும் கருவி) சொந்தச் சரக்கு, அதாவது சி மொழியின் தரத்தில் இல்லாத நீட்சிகள், நிறைய இருந்தது.

ஜிசிசி கையேட்டில் உள்ள நீட்சிகள்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. டைப்ஆஃப் (ஒரு மாறியின் வகையை எடுத்துத் தருவது), கேஸ் ரேஞ்ச் (ஒரே கேஸில் எண்களின் வரம்பைக் கொடுப்பது) எதுவும் மக்கர் செய்ததில்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலே டைப்ஆஃபை வைத்துத்தான் பிழைக்கிறது. சி மொழியின் சி23 பதிப்பு அதைத் தரத்திலேயே சேர்த்துக்கொண்டது.

தொல்லையெல்லாம் 'இந்தக் கம்பைலர் இப்படித்தான் செய்யும்' என்று வழக்கமாகிப்போனவற்றில்தான். பல கோப்புகள் பகிரும் ஹெடரில், 'வேறிடத்தில் இருக்கிறது' என்று சொல்லும் எக்ஸ்டர்ன் இல்லாமல் ஒரு குளோபல் மாறி இருந்தது. அப்படிப் பல கோப்புகளில் வருவதைச் சத்தமில்லாமல் ஒன்றாக்கிவிடும் தன் இயல்பை 2020-இல் ஜிசிசி 10 மாற்றியதும், கோப்புகளை இணைக்கும் லிங்கர் கத்தியது. கத்தினால் நல்லது, பசியாறப் போவதற்குள் சரிசெய்தாயிற்று.

கத்தாததுதான் ஆபத்து. லோட்செல் ஏடிசிக்கு (எடை உணரியின் சிக்னலை எண்ணாக்கும் சில்லு) கிளாக் கொடுக்கும் இடத்தில், இரண்டு துடிப்புகளுக்கு நடுவே தாமதத்துக்காக ஒரு வெற்று ஃபார் லூப். அப்படிப்பட்ட லூப்பை நீக்காமல் விட்டுவைப்பது ஜிசிசியின் பழைய பழக்கம். நீக்குவது பிழையல்ல என்று அதன் கையேடே இப்போது சொல்கிறது. புதிய பதிப்பில் ஓ2 (நிரலை வேகப்படுத்தச் சொல்லும் ஃபிளாக்) போட்டதும் லூப் காணாமல் போனது, ஓர் எச்சரிக்கைகூட இல்லை. காலி லோரி ஒரு தடவை 8 டன், அடுத்த தடவை 40.

"என்னா தம்பி, ஒரு குலைகூட ஏத்தல, நாப்பது டன் காட்டுது?" என்றார் கிராணி.

டிஸ்அசெம்ப்ளியில் (கம்பைலர் உண்டாக்கிய இயந்திரக் கட்டளைகள்) பார்த்தால், கிளாக் பின்னை உயர்த்தும் கட்டளையும் இறக்கும் கட்டளையும் ஒட்டிக்கொண்டு நின்றன. லூப்புக்குள் காலியான ஏஎஸ்எம் வோலடைல் (இதை நீக்காதே என்று கம்பைலருக்குச் சொல்வது) ஒன்றைப் போட்டதும் எடை நிலைத்தது. அதுவும் நீட்சிதான், ஆனால் கையேட்டில் இருக்கும் நீட்சி. அப்புறம் ஹார்டுவேர் டைமருக்கே மாற்றிவிட்டேன்.

இப்போது ஒவ்வொரு மாற்றத்தையும் கிளாங் என்ற இன்னொரு கம்பைலரிலும் கம்பைல் செய்து பார்க்கிறேன். ஸ்ட்ரக்சருக்குள் (பல மாறிகளை ஒன்றாகக் கட்டுவது) மாறும் நீள அரே, அதாவது ஓடும்போதுதான் நீளம் தெரியும் வரிசை, வைத்தால் ஜிசிசி வாய் திறக்காது, கிளாங் ஒத்துக்கொள்ளவே ஒத்துக்கொள்ளாது. கெர்னல்காரர்களே அதைக் கழற்றிவிட்டார்கள். எங்களிடமும் ஓரிடத்தில் இருந்தது, தூக்கியாயிற்று.

மிச்சம் ஒன்று. கேலிப்ரேஷன் (எடையைச் சரிப்படுத்தும்) மாறிகள் கோப்பில் எழுதிய வரிசையிலேயே நினைவகத்தில் உட்காரும் என்று பழைய நிரல் எடுத்துக்கொண்டிருக்கிறது. வரிசையைக் கலைக்காதே என்று சொல்லும் ஃபிளாக் ஜிசிசியில் உண்டு, போட்டு வைத்திருக்கிறேன். ஒரே ஸ்ட்ரக்சரில் அடைப்பதுதான் முறை. ஆனால் வியாபார எடைமேடை என்பதால் சட்டப்படி சோதித்து முத்திரை குத்த வேண்டும். கேலிப்ரேஷனைத் தொட்டால் அந்த அலைச்சலும் சேர்ந்துவிடும். அடுத்த சோதனை வரும்போது செய்துகொள்ளலாம் என்று ஆலையில் சொல்லி வைத்திருக்கிறேன்.