மலை வேட்டைக்கு எந்த டிரைபாட்? அரைக் கிலோவைக் குறைத்து நான் இழந்த ஒரு காலைப்பொழுது

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் நான்கு வேட்டைப் பருவங்களில் நான்கு விதமான தாங்கிகளைச் சுமந்து பார்த்தபின், சென்ற கோடையில் மூன்றைக் கைமாற்றிவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். எஞ்சியது 28 மிமீ மேற்குழாயும் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் நான்கு அடுக்குக் கால்களும் கொண்ட கார்பன் டிரைபாட். சிறிய பான் ஹெட்டுடன் (பைனாகுலரைப் பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் தனித்தனியே திருப்பும் தலைப்பகுதி) சேர்த்து வீட்டுத் தராசில் 1,650 கிராம் காட்டுகிறது. அதைவிட அரைக் கிலோ குறைவான ஒன்று கையிலிருந்தும் இதையே ஏன் தேர்ந்தேன் என்பதுதான் இந்த அலசலின் பெரும்பகுதி. ஆகவே என் சார்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்க் என்னும் பெரிய மானின் வேட்டையில் துப்பாக்கியைத் தொடும் நேரம் மிகக் குறைவு. பெரும்பாலான நேரம் ஒரு மேட்டில் அமர்ந்து எதிர்ச்சரிவை பைனாகுலரால் துண்டு துண்டாகத் துழாவுவதிலேயே கழிகிறது. இங்கே இதை கிளாஸிங் என்கிறார்கள். 10×42 பைனாகுலரைக் கையில் பிடித்துப் பார்த்தால் கை நடுக்கமும் பத்து மடங்காகப் பெருகுவதால், நடமாடும் விலங்கு மட்டும் கண்ணில் படும். மர நிழலில் படுத்திருக்கும் விலங்கின் காது அசைவது தெரியாது. அதே பைனாகுலரை டிரைபாடில் பொருத்தியவுடன் காது தெரியத் தொடங்குகிறது. இதை ஒருமுறை அனுபவித்தவர் டிரைபாடை வீட்டில் விட்டுச் செல்ல மாட்டார் என்பதால், தேவையா இல்லையா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை.

எடை குறித்த கவலை எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நாங்கள் செல்வது சான் வான் மலைத்தொடரின் வில்டர்னஸ் பகுதிக்கு, அதாவது சட்டப் பாதுகாப்பு பெற்ற காட்டுப்பகுதிக்கு. 1964ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே மோட்டார் வாகனம் எதுவும் நுழையக் கூடாது. குதிரை இல்லாதவர் நடக்கத்தான் வேண்டும். மரவரிசை முடியும் 11,500 அடி உயரத்தை ஒட்டிக் கூடாரம் அடித்து, ஐந்து நாள் உணவையும் சேர்த்துச் சுமக்கும்போது, பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியை வெட்டி எறியலாமா என்றுகூட மனம் கணக்குப் போடும். அந்த மனநிலையில்தான் பலரும் டிரைபாட் வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன்.

பழைய அலுமினிய டிரைபாடைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இரண்டு கிலோவுக்கு மேல் எடை, விலையில் பாதி, அசைவின்றி நிற்பதில் குறையே இல்லை. வண்டியை நிறுத்திவிட்டுச் சாலையோரத்திலிருந்து பார்ப்பவருக்கு வேறெதுவும் தேவைப்படாது. அக்டோபர் இறுதியின் விடிகாலையில் அதன் காலை வெறுங்கையால் பற்றினால் விரல் மரத்துப்போகும். மேற்குழாயில் பஞ்சுப்பட்டை சுற்றிக்கொண்டால் அந்தத் தொல்லையும் தீர்ந்தது.

நடைக்கோல்கள் இரண்டையும் ஒரு இணைப்பியால் சேர்த்து, மூன்றாவது காலாக ஒரு மெல்லிய குழாயை வைத்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று உண்டு. எடை அநேகமாக இல்லை என்றே சொல்லலாம். இரண்டு பயணங்களில் மட்டுமே அதைப் பயன்படுத்தினேன் என்பதால் என் தீர்ப்பை முழுமையானதாகக் கொள்ள வேண்டாம். பைனாகுலருக்கு அது போதுமானதாகவே இருந்தது. ஆனால் எழுந்து நடக்க வேண்டிய ஒவ்வொரு முறையும் கோல்களைப் பிரித்து, அமரும்போது மறுபடி பூட்டுவது எனக்குச் சலித்துவிட்டது. வில் வேட்டைக்காரர்கள் சிலர் அதில் திருப்தியாக இருக்கிறார்கள்.

உண்மையான போட்டி அடுத்த இரண்டுக்கும் இடையில்தான். ஒன்று, பயணப் புகைப்படக்காரர்களுக்கென விற்கப்படும் ஐந்து அடுக்கு கார்பன் டிரைபாட்: மடித்தால் 33 செமீ, பால் ஹெட்டுடன் (உருண்டையின் மேல் எத்திசையிலும் சாயும் தலைப்பகுதி) 1,150 கிராம். மற்றொன்று, இப்போது என்னிடம் இருக்கும் நான்கு அடுக்கு: மடித்தால் 45 செமீ, எடை அரைக் கிலோ கூடுதல். கடையில் இரண்டையும் முழு உயரத்துக்கு நிறுத்தி மேலே கையை வைத்து அழுத்திப் பார்த்தால் வேறுபாடு பெரிதாகத் தெரியாது. அங்கேதான் நான் ஏமாந்தேன்.

இந்த மாநிலத்தில் வேட்டைக்கெனப் பிரிக்கப்பட்ட அலகுகள் பெரும்பாலானவற்றில், ஒரு கொம்பிலாவது நான்கு கிளைகளோ, குறைந்தது 5 அங்குல நீளமுள்ள நெற்றிக் கிளையோ இருந்தால்தான் ஆண் எல்க்கைச் சுடலாம். ஆகவே விலங்கைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். கொம்பை எண்ணுவது மறுபாதி. என் இரண்டாம் பருவத்தில், ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு ஆண் எல்க் புல்வெளி விளிம்பில் மேய்ந்துகொண்டிருந்தது. ஐந்து அடுக்கு டிரைபாடில் ஸ்பாட்டிங் ஸ்கோப்பை (ஒற்றைக்குழல் தொலைநோக்கி) பொருத்தி 40 மடங்குக்குத் திருகினேன். காற்று அப்படியொன்றும் பலமாக இல்லை, தொப்பி பறக்கவில்லை. ஆயினும் ஸ்கோப்புக்குள் அந்தக் கொம்பு, குளத்து நீரில் விழுந்த கிளையின் நிழலைப் போல நெளிந்துகொண்டே இருந்தது. மூன்று என்றேன், நண்பர் நான்கு என்றார், பிறகு இருவரும் மாற்றிச் சொன்னோம். இறுதியில் பள்ளத்தில் இறங்கி, மறுசரிவில் ஏறி, மூன்று மணி நேரம் கழித்து 200 மீட்டர் நெருங்கிப் பார்த்தபோது ஒவ்வொரு பக்கமும் மூன்றே கிளைகள். நெற்றிக் கிளை கட்டைவிரல் அளவுக்குத்தான் இருந்தது. சுட முடியாத விலங்குக்காக ஒரு காலைப்பொழுது முழுவதும் போயிற்று. அரைக் கிலோவை மிச்சப்படுத்திய களிப்பும் அத்தோடு போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் வெர்னியர் அளவியை எடுத்து உட்கார்ந்தேன். தரையில் மெத்தைத் துண்டு போட்டு அமர்ந்தால் என் கண் சுமார் 75 செமீ உயரத்தில் வருகிறது. ஹெட்டும் பைனாகுலர் இணைப்பியும் 15 செமீ எடுத்துக்கொள்கின்றன. ஆகவே கால்கள் 60 செமீ உயரம் தந்தால் போதும். நான்கு அடுக்கு டிரைபாடில் இந்த உயரத்துக்கு 28 மிமீ மேற்குழாயும் அடுத்த 25 மிமீ குழாயும் போதுமானவை. மெலிந்த இரண்டும் உள்ளேயே இருக்கும். ஐந்து அடுக்கில் ஒவ்வொரு துண்டும் குட்டை என்பதால், 25 மிமீ மேற்குழாயைத் தொடர்ந்து 22, 19 என்று இரண்டு துண்டுகளை முழுதாக இழுத்தால்தான் அதே உயரம் கிடைக்கிறது; சரிவில் பள்ளப் பக்கத்துக் கால் 16 மிமீ துண்டையும் கேட்கிறது. சுவரின் தடிமன் ஒன்றே எனக் கொண்டால் குழாயின் வளையா உறுதி விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 25ஐயும் 19ஐயும் மும்மடியாக்கி வகுத்தால் 2.28 வருகிறது, அதாவது என் உட்கார்ந்த உயரத்தில் ஒன்றின் மெலிந்த பகுதி மற்றதைவிட இரண்டேகால் மடங்கு விறைப்பானது. விளம்பரங்களில் அச்சிடப்படும் அதிகபட்ச உயரமும் சுமைத் திறனும் இதைச் சொல்வதில்லை. டிரைபாட் வாங்கப் போகிறவர் அளவு நாடாவுடன் போய், கடைத் தரையில் சப்பணமிட்டு அமர்ந்து, எத்தனை அடுக்கு வெளியே வருகிறது என்று எண்ணிப் பார்க்கட்டும். கடைக்காரர் விநோதமாகப் பார்ப்பார், பார்த்துவிட்டுப் போகட்டும்.

மடிப்பின் வசதிக்கும் ஒரு விலை உண்டு. 33 செமீக்குள் அடங்குவதற்காகப் பயண டிரைபாடின் கால்கள் மேல்நோக்கித் திரும்பி ஹெட்டைச் சுற்றி மடிகின்றன. அதற்காகவே நடுத்தண்டு இருந்தாக வேண்டும். தண்டைச் சிறிது உயர்த்தினாலும் மூன்று காலின் மேல் நின்ற பாரம் ஒற்றைக்கால் மேல் நிற்பதாகிவிடும். என்னுடையதில் தண்டைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டேன்.

முதுகுப்பையை டிரைபாடின் கொக்கியில் தொங்கவிட்டால் எந்த டிரைபாடும் நிலைக்கும் என்று சிலர் சொல்வது பாதி உண்மை. அந்தரத்தில் தொங்கும் பை காற்றில் ஊசலாடி, நடுக்கத்தைக் கூட்டுகிறது. அதன் அடிப்பகுதி தரையைத் தொட்டபடி இருந்தால் பயன் உண்டு. நான் செய்வது அதைவிட எளிது: உபரி ஷூ கயிறு ஒன்றைக் கொக்கியில் கட்டி, கீழே வளையம் போட்டு, அதில் பூட்ஸ் நுனியை விட்டு அழுத்திக்கொள்கிறேன். இந்தத் தந்திரம் ஐந்து அடுக்கையும் ஓரளவு காப்பாற்றியது. ஆனால் 40 மடங்கில் பார்க்கும் அளவுக்கு அல்ல.

ஹெட் விஷயத்தில் எனக்கு ஐயமில்லை. சரிவைக் கோடு கோடாகத் துழாவும்போது கிடைமட்டமாக நகர்த்தி, ஒரு பார்வையளவு இறக்கி, மறுபடி எதிர்த்திசையில் நகர்த்த வேண்டும். பான் ஹெட் இதைத் தானாகச் செய்யும். பால் ஹெட்டைத் தளர்த்தினால் எல்லாத் திசையிலும் தளர்ந்து, ஸ்கோப் மூக்குக் குப்புற விழும். மசகு ஊற்றிய பான் ஹெட் கடுங்குளிரில் இறுகும் என்பார்கள். என்னுடையது உறைபனியில் சிறிது கனத்ததே தவிர நிற்கவில்லை. ஆனால் நான் மைனஸ் 12 டிகிரிக்குக் கீழே அதைச் சோதித்ததில்லை, நவம்பர் இறுதிப் பருவத்துக்குப் போகிறவர் வேறொருவரைக் கேட்பது நல்லது.

பூட்டுகளில் திருகு வகை, நெம்பு வகை இரண்டுமே வேலை செய்கின்றன. திருகுக்குள் மணல் புகுந்தால் அரைக்கும் சத்தம் கேட்கும். பருவம் முடிந்ததும் கழற்றித் துடைக்க அரை மணி நேரம் போதும்.

பயண டிரைபாடைக் குப்பை என்று நான் சொல்லவில்லை. ஸ்கோப்பே எடுத்துச் செல்லாமல் 10 மடங்கு பைனாகுலர் மட்டும் வைத்திருப்பவருக்கும், கொம்பை எண்ண வேண்டிய கட்டாயமில்லாத பெண் எல்க் அனுமதிச் சீட்டுக்காரருக்கும் அதுவே சரியான தேர்வாக இருக்கலாம். என்னுடையதை வாங்கியவரும் அப்படிப்பட்டவர்தான்; ஷூ கயிற்றையும் அதன் கொக்கியிலேயே கட்டிக் கொடுத்தனுப்பினேன்.