எல்ஃப் சின்னம்: ஆத்தங்குடி கல்லா, கண்ணாடியா, டேப்லெட்டா?

ஆங்கில நாவலாசிரியர் டோல்கீன் படைத்த எல்ஃப் என்னும் சாகா இனத்தாரின் முகம் வரையப் போகிறீர்களா, அவர்கள் குலச் சின்னம் வரையப் போகிறீர்களா? எதில் வரைவது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முகம் என்றால் ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்தே ஆக வேண்டும். எல்ஃபுக்குக் கூர்காது என்று டோல்கீன் தன் நாவல்களில் எங்கும் எழுதவில்லை. 1930களில் அவர் தொகுத்த சொல்வேர்க் குறிப்புகளில், இலைக்கும் கேட்பதற்கும் உரிய வேர்களை ஒட்டி, அவர்கள் காது மனிதக் காதைவிடக் கூராக, இலை வடிவில் இருந்ததாக வருகிறது. அது அச்சேறியது 1987இல். கூர்காதுக் கட்சி நிற்பது இந்த வரியின் மேல்தான். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலில் வரும் எல்ஃப் வில்லாளி லெகோலஸின் முடிக்கும் இதே வழக்கு. அப்பாவுக்குப் பொன்முடி என்பது 1937 நாவலான 'தி ஹாபிட்'டிலேயே இருக்கிறது. மகனைப் பற்றிக் கிடைப்பதோ, இரவில் ஆற்றங்கரையில் வில்லோடு நின்றபோது தலை கருப்பாகத் தெரிந்தது என்ற வரிதான். கருமுடிக்காரன் என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். இருட்டில் எந்தத் தலைதான் கருப்பாகத் தெரியாது?

சின்னத்தில் இந்த வம்பு இல்லை. விதியை டோல்கீனே போட்டுவைத்திருக்கிறார்: பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சாய்சதுரம், குடும்பத்துக்குச் சதுரம். விளிம்பைத் தொடும் முனைகளை எண்ணினால் தகுதி தெரியும். இளவரசருக்கு 4, அரசருக்கு 6 முதல் 8, எல்ஃப்களின் முதல் அரசர்களில் ஒருவரான ஃபின்வே போன்ற மூதாதையர் குலத்துக்கு 16. சதுரம் என்றதும் காரைக்குடிக்காரர் கண் தரைக்குப் போவதில் ஆச்சரியமில்லை.

ஆத்தங்குடி கல் என்பது காரைக்குடிப் பக்கத்துக் கைவேலைத் தரை ஓடு; அதைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடியின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் தகட்டு அச்சு. அச்சின் அறைகளில் சிமெண்டும் ஆக்ஸைடும் கலந்த வண்ணக் குழம்பை ஊற்றி, அச்சை அலுங்காமல் தூக்கி, ஈரம் இழுக்க உலர்ந்த சிமெண்ட் மணல் தூவி, மேலே கலவை போட்டு மட்டம் செய்வார்கள். பிறகு சில நாள் தண்ணீரில் ஊற வேண்டும், வெயிலில் காய வேண்டும். பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது.

16 முனையை 8 அங்குலக் கல் ஒன்றில் அடக்கப் பார்க்காதீர்கள். கதிரின் நுனி ஊசியாக ஒடுங்கும். குழம்பு அதுவரை ஓடாது. காற்று தங்கி, கண்ணாடியிலிருந்து எடுத்ததும் நுனியில் பொத்தல் தெரியும். நான்கு கல் சேர்த்து ஒரு சின்னம் என்று வையுங்கள். கல்லுக்கு 4 முனை, அச்சு ஒன்றே போதும், பதிக்கும்போது கால் சுற்றுத் திருப்பிக்கொள்ளலாம். முதல் முனையை ஓரத்திலிருந்து 11.25 பாகை தள்ளித் தொடங்கி, அடுத்தடுத்ததை 22.5 பாகைக்கு ஒன்றாக வைக்க வேண்டும். ஓரத்திலேயே தொடங்கினால் ஒரு முனை பிளந்து இரண்டு கல்லில் பாதி பாதியாக விழும். கைவேலைக் கல்லில் அரை நூல் ஏற்ற இறக்கம் இருந்தால்கூட அந்த இடம் பல்லிளிக்கும். நுனிகளைக் கொஞ்சம் மழுக்கிவிடுவதும் நல்லது. ஒரே ஒரு சின்னத்துக்காக அச்சு அடிப்பது கட்டாது. முகப்புத் தரை முழுக்க ஓடுவதானால் கட்டும்.

கண்ணாடி ஓவியம் முகத்துக்குரியது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் தொங்குமே, அந்த வகை. பின்பக்கம் தீட்டி முன்பக்கம் பார்ப்பதால் வேலை தலைகீழ்: கண்ணின் வெண்புள்ளி, நகை, மெல்லிய கோடு முதலில், தோல் நிறம் பிறகு, பின்னணி கடைசியில். காகிதப் பழக்கத்தில் தோல் நிறத்தை முதலில் பூசிவிட்டால் கண் வைக்க இடம் இருக்காது, சுரண்டத்தான் வேண்டும். கண்ணாடியை ஸ்பிரிட்டால் துடைத்தபின் விரல் படக்கூடாது. எண்ணெய்ப் பிசுக்கில் எனாமல் ஒட்டாமல் உரியும். ஒவ்வொரு பூச்சும் ஓர் இரவு காயட்டும், இல்லையென்றால் அடிக்கோடு கரைந்து இழுபடும்.

எல்ஃப் சீமாட்டி கலாட்ரியலின் முடிக்கு இதை விட்டு வேறு வழி தேட வேண்டாம். பொன்னில் வெள்ளி கலந்த முடி அது. இழைகளை முதலில் இழுத்து, இடைவெளியில் ஒளிபுகும் மஞ்சளை மெல்லிசாக ஓட்டி, காய்ந்தபின் பின்னால் வெள்ளித்தாளைக் கசக்கி வையுங்கள். பார்ப்பவர் நகர நகர முடி மினுங்கும். குள்ளர் இனத்துக் கிம்லி அவளிடம் கேட்டது ஒரே ஒரு முடி, அவள் கொடுத்தது மூன்று. முன்பு ஃபெயானோர் என்ற எல்ஃப் மூன்று முறை கேட்டும் மறுத்தாளே, அதற்கு ஈடாக என்பது ரசிகர்கள் ஊகம். அந்த மூன்று இழையை மட்டும் தனித்துக் காட்டக் கண்ணாடியில் முடியும், கல்லில் முடியாது.

கல், கண்ணாடி இரண்டிலுமே இடவலம் மாறும். நட்சத்திரத்துக்கு அது பொருட்டில்லை, எல்ஃப்களுக்காக டோல்கீன் உருவாக்கிய டெங்வார் எழுத்துக்கு ஆபத்து. 'ட்' ஒலிக்குரிய டின்கோவைத் திருப்பினால் அது கல்மா ஆகிவிடும், குவென்யா என்ற எல்ஃப் மொழியில் 'க்'. 'ப்' எழுத்தான பர்மா (தேக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) திரும்பினால் க்வெஸ்ஸே என்ற வேறெழுத்து. பார்க்க ஒழுங்காகவே இருப்பதால் பதித்து முடிக்கும்வரை தவறு பிடிபடாது.

டேப்லெட் இறுதி வடிவத்துக்குச் சுமார்தான். திரையில் ஒளிரும் நீலமும் பச்சையும் அச்சில் மங்கிவிடும். மாதிரி போட மட்டும் அதை விட்டால் ஆளில்லை. கிருதா என்ற ஓவியச் செயலி இலவசம்; அதன் மல்டிபிரஷ் கருவியில் 16 என்று கொடுத்தால் ஒரு கோடு பதினாறாகும். ஏ4 தாளுக்கு 300 டிபிஐ என்றால் 2480க்கு 3508 பிக்சல். 'எம்' விசை இடவலம் மாற்றிக் காட்டும், ஆனால் பார்வையை மட்டும்தான். கோப்பு அப்படியேதான் இருக்கும். எனவே படத்தையே திருப்பிச் சேமித்து, அசல் அளவில் அச்செடுத்து, ஓரத்தில் 'இது அச்சுப் பக்கம், கல்லின் முகம் அல்ல' என்று பேனாவால் எழுதிப் பட்டறைக்கு அனுப்புங்கள்.