வீலர் ஸ்கோப் மவுண்டிங் கிட்: காசு ரெஞ்சுக்கு, மற்றதெல்லாம் கொசுறு

துப்பாக்கியில் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பூட்டுவதற்கான கிட் இது. 1 இஞ்ச், 30 மி.மீ. ஸ்கோப் குழாய்களுக்கான கம்பிகள், ரிங்கின் உட்புறத்தைத் தேய்த்துச் சமமாக்கும் 220 கிரிட் பேஸ்ட், ரசமட்டம், டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு மட்டும் முடுக்கும் கருவி) என்று பெட்டி நிறையச் சாமான். 34 மி.மீ. ஸ்கோப் வைத்திருப்பவருக்கு இதில் பாதி உதவாது.

கொடுக்கும் காசுக்கு மதிப்பு 'ஃபேட் ரெஞ்ச்' என்ற அந்த டார்க் ரெஞ்ச் ஒன்றில்தான். முடுக்கு விசையை 10 முதல் 65 இஞ்ச்-பவுண்ட் வரை வைக்கலாம். ஸ்கோப்பைச் சுற்றிப் பிடிக்கும் ரிங்கின் மூடி ஸ்க்ரூவுக்குப் பெரும்பாலும் 15–18 போதும். தயாரிப்பாளர் வேறு சொல்லியிருந்தால் அதுவே கணக்கு. கைக்கணக்கில் முடுக்கினால் எளிதாக மிஞ்சிவிடும். குழாயில் தழும்பு விழும், ஜூம் வளையம் இறுகும். மூடி ஸ்க்ரூவில் லாக்டைட் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) தடவாதீர்கள். உராய்வு குறைவதால் ரெஞ்ச் 18-இல் நின்றாலும் உள்ளே பிடி அதிகமாகிவிடும். ரிங்குகளைத் தாங்கும் பேஸை துப்பாக்கியில் பிடிக்கும் ஸ்க்ரூவுக்கு நீல லாக்டைட் ஒரு சொட்டு விடலாம்.

இரண்டு ரிங்குகளும் ஒரே நேர்கோட்டில் உள்ளனவா என்று பார்க்க அவற்றில் வைக்கும் அலைன்மென்ட் கம்பிகளின் கூர்முனைகள் ஏமாற்றும். ரிங்குகள் கோணலாக இருந்தாலும் முனைகள் தொட்டுக்கொள்ள வாய்ப்பு உண்டு. கம்பிகளைத் திருப்பி, தட்டையான முனைகளை எதிரெதிரே வையுங்கள். இடைவெளி ஒரு பக்கம் மட்டும் விரிந்தால் கோணல். விளிம்பு ஏறி இறங்கினால் விலகல். இரண்டு ரிங்கும் ஒரே துண்டாக வரும் மவுண்டுக்குப் பேஸ்ட் பக்கமே போக வேண்டாம்.

பூட்டும் முன் துப்பாக்கி காலிதானா என்று சேம்பரை (தோட்டா இருக்கும் அறை) திறந்து பாருங்கள். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் உள்ள தூரத்தை முழு ஜூமில் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ரசமட்டத்தை டரெட் (குறியைத் திருத்தும் திருகுக் குமிழ்) மூடி மேல் வைத்துப் பார்ப்பது பாதி வேலைதான். மூடியும் ரெட்டிகிளும் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடுகள்) ஒரே மட்டத்தில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. துப்பாக்கியை மட்டமாக நிறுத்தி, 50 மீட்டரில் தூக்குக்குண்டு தொங்கவிட்டு, நூலோடு செங்குத்துக் கோட்டைப் பொருத்துங்கள். 3 டிகிரி சாய்ந்திருந்தால் டரெட்டைத் திருகிக் குறியை 10 மில் (மில் என்பது 1000 மீட்டரில் 1 மீட்டர் ஆகும் கோண அளவு) ஏற்றும்போது அரை மில் பக்கவாட்டில் போகும். 1000 மீட்டரில் அது அரை மீட்டருக்கு மேல்.

பலரும் கோட்டைவிடுவது முடுக்கும்போதுதான். ஒரு பக்கத்தை முழுசாக இறுக்கினால் ஸ்கோப் அந்தப் பக்கமே உருளும். குறுக்கும் மறுக்குமாக, கால் சுற்றாக இறுக்கி, இருபுறமும் இடைவெளி சமமா என்று பாருங்கள். கடைசியில் நூலை மறுபடி ஒருமுறை.

ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு இந்த கிட் மட்டும் போதாது. முன்னும் பின்னும் உதைப்பதால் 11 மி.மீ. டவ்டெயிலில் (மவுண்டைப் பிடிக்கும் பள்ளம்) மவுண்ட் நழுவும். ஸ்டாப் பின் (நழுவாமல் தடுக்கும் ஆணி) உள்ள மவுண்ட் தனியாக வாங்க வேண்டும். ஒரே ஒரு ஸ்கோப் பூட்டுவதற்கு ரெஞ்ச் மட்டும் போதும், தூக்குக்குண்டு கொத்தனாரிடம் இரவல் கிடைக்கும்.