கொழும்பு மாநாட்டுக்குப் போகிறவர்கள் பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்: எனக்கு 52,400 ரூபாய் போய்விட்டது

இந்திய ரூபாயில் 52,400. இலங்கைக் காசில் இதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். ஒரு கல்லூரி ஆசிரியையும் அவருடைய ஆய்வு மாணவியும் சேர்ந்து கட்டிய பணம். அறை, விமான நிலையத்திலிருந்து கார், விசா எல்லாம் சேர்த்து என்று சொல்லி வாங்கினார்கள். அறை இல்லை, கார் இல்லை. விசா மட்டும் வந்தது, அதுவும் தப்பான வகை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் வெள்ளவத்தையில் ஒரு விடுதி அறையில் உட்கார்ந்து இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆளின் பெயரையோ நிறுவனத்தின் பெயரையோ போடவில்லை. போட்டாலும் பயனில்லை, நாளைக்கே வேறு பெயரில் வருவார்கள். மாநாடுகளுக்கு வரும் வெளிநாட்டு விருந்தினர்களுக்குத் தங்குமிடமும் பயணமும் ஏற்பாடு செய்து தருவதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு வாட்ஸ்அப் ஏஜென்சி. அவ்வளவு தெரிந்தால் போதும்.

கட்டுரை ஏற்கப்பட்டு, நிகழ்ச்சி நிரல் வெளியான கொஞ்ச நாளில் மின்னஞ்சல் வந்தது. 'அன்புள்ள பேராசிரியர்' என்று பொதுவாக இல்லை. என் பெயர், கல்லூரி, கட்டுரைத் தலைப்பு, எந்த அமர்வில் எத்தனை மணிக்கு வாசிக்கிறேன் என்பது வரை எல்லாம் சரியாக இருந்தது. மேலே மாநாட்டின் சின்னம். 'மாநாட்டுத் தங்குமிடப் பிரிவு' என்று கையொப்பம். கட்டுரைத் தலைப்பைச் சொல்லி எழுதுகிறவர்கள் மாநாட்டுக்காரர்கள் இல்லாமல் வேறு யாராக இருக்க முடியும்? இப்போது தெரிகிறது: அந்த நிரல் பிடிஎஃப்பாக எல்லாரும் இறக்கிக்கொள்ளும்படி வெளியில் கிடந்தது. அதிலிருந்து வரிசையாக எடுத்து எழுதியிருக்கிறார்கள்.

அப்படியும் நான் உடனே பணம் அனுப்பவில்லை. அறை விவரம் கேட்டேன். பம்பலப்பிட்டியில், காலி வீதியில், கடல் பக்கம் ஒரு ஓட்டல் பெயர் கொடுத்தார்கள். அந்த ஓட்டலின் எண்ணை நானே தேடி எடுத்து, கொழும்புக்கே போன் போட்டேன். 'ஆமாம் மிஸ், உங்கட பேர்ல ரெண்டு பேருக்கு அறை இருக்கு' என்றார்கள். தேதியும் சரியாக இருந்தது. இதற்கு மேல் என்ன சரிபார்ப்பது? அந்த போனை வைத்த பிறகுதான் பணம் அனுப்பினேன். இந்திய விருந்தினர்களின் வசதிக்காக இங்கேயே ஒரு கணக்கு வைத்திருக்கிறோம் என்று சொல்லி யுபிஐ எண் கொடுத்தார்கள். 52,400 ரூபாய், ஒரே தவணையில். பாஸ்போர்ட் முதல் பக்கத்தின் நகலும் போனது, விசாவுக்கு வேண்டுமாம்.

அந்த ஓட்டல் விஷயத்தில் ஒளிந்திருந்த சூழ்ச்சியைத்தான் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். புக்கிங் தளங்களில் 'வந்து கட்டலாம், கடைசி நாள் வரை இலவசமாக ரத்து செய்யலாம்' என்று ஒரு வகை உண்டு. இவர்கள் அப்படித்தான் நம் பெயரில் அறை போட்டு வைக்கிறார்கள். ஒரு பைசா செலவில்லை. நாம் ஓட்டலுக்கு போன் செய்தால் ஓட்டல்காரர் உண்மையைத்தான் சொல்கிறார்: உங்கள் பெயரில் அறை இருக்கிறது. நம்மிடம் பணம் வாங்கியாகிவிட்டது. ரத்து செய்ய வேண்டிய கடைசி நாளில் ரத்து செய்துவிட்டுப் போகிறார்கள். எவ்வளவு எளிது பாருங்கள். ஓட்டலுக்கும் நஷ்டமில்லை, தளத்துக்கும் நஷ்டமில்லை.

திருச்சியிலிருந்து கொழும்பின் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரம்தான். விமானத்தில் உட்கார்ந்து விசாத் தாளை நிதானமாகப் பார்த்த போதுதான் மாணவி கேட்டாள், 'மேடம், இதுல டூரிஸ்ட்னு போட்டிருக்கே?' இலங்கையின் மின்னணு அனுமதியில் சுற்றுலாவுக்கு ஒரு வகை, தொழில் காரியத்துக்கு ஒரு வகை என்று தனித்தனியாக உண்டு. மாநாடு, பயிலரங்கு, கருத்தரங்கு எல்லாம் இரண்டாவதில்தான் சேரும். அரசின் தளத்திலேயே எழுதியிருக்கிறது. மாநாட்டுக்காரர்களுக்காகவே தொழில் நடத்துவதாகச் சொல்கிற ஆளுக்கு இது தெரியாதாம். குடிவரவு அதிகாரி ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்திவிட்டார். கேட்டிருந்தால் என் கைப்பையில் அழைப்புக் கடிதம், கையில் சுற்றுலா அனுமதி. வயிறு கலங்கியது எனக்குத்தான் தெரியும்.

வெளியே வந்தால் பெயர்ப்பலகை பிடித்தவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். எங்கள் பெயர் எதிலும் இல்லை. ஏஜென்சி ஆளுக்கு போன் போட்டேன், எடுத்தார். 'டிரைவர் வழியில இருக்கார் மேடம், டிராஃபிக்.' இரவு பதினொன்றரைக்கு அந்த விரைவுச் சாலையில் என்ன டிராஃபிக்? 2013இல் திறந்த சாலை அது, விமான நிலையத்திலிருந்து நகரத்தின் வாசல் வரை சிக்னல் இல்லாமல் கொண்டுவந்து விடும். அப்புறம் கேட்டபோது 'வண்டி பஞ்சர்'. அடுத்து, 'நீங்க டாக்ஸி எடுத்துக்குங்க மேடம், பில் வச்சுக்குங்க, திருப்பித் தந்துடறோம்.' வருகைக் கூடத்திலேயே டாக்ஸி கவுண்டர் இருக்கிறது. அங்கே கட்டி, ரசீது வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

ஓட்டல் வரவேற்பில் இருந்த தம்பி தமிழ்தான். கணினியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி கணினியைப் பார்த்தார்.

'மிஸ், உங்கட பேர்ல புக்கிங் இருந்ததுதான். நேத்து கேன்சல் பண்ணி இருக்காங்க.'

'பணம் கட்டியிருக்கே?'

'இல்ல மிஸ், இது வந்து கட்டுற புக்கிங். எங்களுக்கு ஒரு சதமும் வரல்ல.'

அன்றைக்கு அறை நிறைந்திருந்தது. பாவம், அந்தத் தம்பியே நாலு இடத்துக்குப் பேசி, வெள்ளவத்தையில் ஒரு சின்ன விடுதியில் இடம் பிடித்துக் கொடுத்தார். ஆட்டோவும் அவரே வரவழைத்தார். இந்த விவகாரம் முழுக்க எங்களுக்கு உருப்படியாக உதவியது அவர் ஒருவர்தான்.

மறுநாள் போயா, பௌர்ணமி விடுமுறை. அலுவலகமெல்லாம் பூட்டு. அன்று முழுக்க அந்த ஏஜென்சி ஆளோடு நடந்த சம்பாஷணையை அப்படியே அச்சுப் போட்டால் ஒரு நாடகம் தேறும். முதலில் 'பேனிக் ஆகாதீங்க மேடம், சிஸ்டம் பிரச்சினை.' மதியம் 'ஓட்டல்காரன் பொய் சொல்றான், அவனோட எங்களுக்குப் பழைய பாக்கி.' சாயங்காலம் 'ரீஃபண்ட் போட்டாச்சு, ஏழிலிருந்து பத்து வேலை நாள்ல வரும்.' ரீஃபண்டுக்கு எண் கேட்டேன். 'அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் அனுப்பும்.' அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் எண் கேட்டேன். நீலக் கோடு இரண்டு விழுந்தது, பதில் இல்லை. கடைசியாக வந்த செய்தி, 'நீங்க மாநாட்டு அமைப்பாளர்களைத்தான் கேட்கணும் மேடம், நாங்க வெறும் சர்வீஸ் பார்ட்னர்.' அதற்குப் பிறகு அந்த எண்ணின் வாட்ஸ்அப் முகப்புப் படம் போய்விட்டது, அழைப்பும் போகவில்லை. 52,400 ரூபாயும் அந்தப் படத்தோடு போய்விட்டது.

சரி, அமைப்பாளர்களைக் கேட்போம் என்று மாநாட்டு முதல் நாள் பதிவு மேசையிலேயே கேட்டேன். இடம் பௌத்தாலோக மாவத்தையில் இருக்கும் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபம். சீனா கட்டிக்கொடுத்து 1973இல் திறந்தது, 1976இல் அணிசேரா நாடுகளின் உச்சி மாநாடு நடந்த அதே இடம். தலைவர்களெல்லாம் வந்து போன மண்டபத்தில் நான் என் அறைக்கணக்கைச் சொல்லிக்கொண்டு நின்றேன். மரியாதையாகக் கேட்டார்கள், தேநீர் கொடுத்தார்கள். 'நாங்கள் எந்த ஏஜென்சியையும் நியமிக்கவில்லை, அது எங்கள் மின்னஞ்சல் இல்லை' என்றார்கள். அதை நான் ஒப்புக்கொள்கிறேன். பக்கத்தில் நின்ற இன்னொருவர் சாவகாசமாகச் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை: 'போன தடவையும் இப்படி ரெண்டு மூன்று பேர் வந்து சொன்னவங்க.'

போன தடவையே தெரியும்! அப்படியானால் உங்கள் 'பயணிகளுக்கான தகவல்' பக்கத்தில் ஒரு வரி போடுவதற்கு என்ன? அந்தப் பக்கத்தை நான் மனப்பாடமாகச் சொல்வேன். வெப்பநிலை, குடை எடுத்து வாருங்கள், காலிமுகத்திடலில் சூரிய அஸ்தமனம் பாருங்கள், கங்காராமய விகாரை, தாமரைக் கோபுரம், மின் இணைப்புச் செருகி எந்த வகை. எல்லாம் இருந்தது. 'எங்கள் சார்பில் யாரும் அறைக்குப் பணம் கேட்க மாட்டார்கள்' என்ற வரி மட்டும் இல்லை. விசா வகை பற்றியும் இல்லை. சூரியன் எங்கே மறையும் என்று சொல்ல மாநாட்டுக் குழு எதற்கு, மேற்கே கடல் இருக்கிறது, எல்லாருக்கும் தெரியும். டாக்காவிலிருந்து வந்திருந்த ஒரு பேராசிரியைக்கும் இதே கடிதம், அவருடைய கட்டுரைத் தலைப்போடு வந்திருக்கிறது. அவர் உறவினர் வீட்டில் தங்கியதால் தப்பித்தார்.

இந்தியாவில் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு வீட்டிலிருந்து பேசச் சொன்னேன், இணையத்திலும் புகார் பதிந்தாயிற்று. வங்கியில் சொன்ன பதில்: 'நீங்களே உங்கள் ரகசிய எண்ணைப் போட்டு அனுப்பிய பணம், நாங்கள் திருப்ப முடியாது, போலீஸ் சொன்னால் அந்தக் கணக்கை நிறுத்திவைக்கலாம்.' அந்தக் கணக்கில் இன்னும் என்ன மிச்சம் இருக்கப்போகிறது. பாஸ்போர்ட் நகல் அவர்கள் கையில் இருப்பது இப்போது பணத்தைவிடப் பெரிய கவலை.

கொழும்புக்கு வருகிறவர்களுக்கு விவரமாக ஒரு வழிகாட்டி எழுதுவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். அதற்கான மனநிலை இப்போது இல்லை. அவசரமாகச் சிலது மட்டும். ஓட்டலுக்கு போன் செய்தால் 'என் பெயரில் அறை இருக்கிறதா' என்று கேட்காதீர்கள், 'பணம் கட்டியாகிவிட்டதா, யார் கட்டினார்கள்' என்று கேளுங்கள். அறைக்காசை ஓட்டலில் நேரில் கட்டுங்கள். விசாவை இலங்கை அரசின் தளத்தில் நீங்களே போடுங்கள், மாநாடு என்றால் தொழில் வகை. அரசு தளம் போலவே முகப்பு வைத்துக்கொண்டு கூடுதல் காசு வாங்கும் இடைத்தரகர் தளங்களும் உண்டு, முகவரியைப் பார்த்துக்கொள்ளுங்கள். நகருக்குள் பிக்மீ அல்லது ஊபர் செயலியில் ஆட்டோ கூப்பிடலாம், கட்டணம் முன்பே தெரிந்துவிடும். காலிமுகத்திடல் பக்கம் ஒருவர் நட்பாக வந்து, இன்றைக்கு மட்டும் கோயிலில் யானை ஊர்வலம், இன்றைக்கு மட்டும் மாணிக்கக்கல் மலிவு என்று ஆரம்பித்தால் நடையைக் கட்டுங்கள். எங்கள் அமர்வில் ஒருவர் போய் மாட்டியிருக்கிறார், அது தனிக்கதை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மாணவி தன் தோழி அனுப்பிய ஒரு படத்தைக் காட்டினாள். அந்தப் பெண் வேறு ஒரு மாநாட்டுக்காக அடுத்த மாதம் கொழும்பு வருகிறாள். அதே வாசகம், அதே 'தங்குமிடப் பிரிவு', வேறு சின்னம், வேறு எண். கடைசி வரி, 'அறைகள் குறைவு, வெள்ளிக்கிழமைக்குள் பணம் அனுப்பவும்.' தெரிந்தவர்கள் யாராவது அங்கே கட்டுரை வாசிக்கப் போகிறார்கள் என்றால் வெள்ளிக்கிழமைக்குள் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.