திரும்பத் திரும்பப் படிப்பதா, மூடிவைத்து எழுதிப் பார்ப்பதா?

பள்ளியில் முன்வரிசையில் இருந்த பிள்ளை கல்லூரி முதல் செமஸ்டரில் தடுமாறினால், படிக்கும் நேரத்தைக் கூட்டச் சொல்வதற்கு முன் படிக்கும் முறையைக் கவனியுங்கள். பள்ளியில் ஆசிரியரே திருப்புதல் நடத்துவார், அடிக்கடி தேர்வும் வைப்பார். கல்லூரியில் பாடம் பெரும்பாலும் ஒருமுறைதான் நடக்கும். தேர்வோ பல வாரம் கழித்து வரும்.

திரும்பப் படிப்பதில் பலன் இல்லாமல் இல்லை. ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை இருமுறை படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 81 சதவீதத்தை நினைவுகூர்ந்தார்கள். ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் 75 சதவீதம். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: முதல் அணி 42, இரண்டாவது அணி 56. நாளைய தேர்வுக்குத் திரும்பப் படிப்பது, செமஸ்டர் தேர்வுக்கு மூடிவைத்து எழுதிப் பார்ப்பது என்பதே எங்கள் பரிந்துரை.

செய்முறை எளிது. வகுப்பு நடந்த அன்றே நோட்டை மூடிவிட்டு, நினைவில் இருப்பதை வெள்ளைத்தாளில் பத்து நிமிடம் எழுத வேண்டும். பிறகு நோட்டைத் திறந்து, விட்டதையும் தப்பாக எழுதியதையும் வேறு நிற மையில் திருத்த வேண்டும். மூன்று நாள் கழித்து ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை இதையே செய்யலாம். பலரும் கோட்டைவிடுவது திருத்தும் இடத்தில்தான். திருத்தாவிட்டால் தப்பே மனதில் பதிந்துவிடும். பாடமே புரியாத நிலையில் இந்த முறை உதவாது. முதலில் நிதானமாகப் படித்தாக வேண்டும்.

கணக்குப் பாடங்களில் வித்தியாசம் இன்னும் கூர்மை. தீர்வை வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். அதன்மேல் ஒரு தாளை வைத்து மறைத்து, அடுத்த வரியைத் தானே எழுதிய பிறகுதான் தாளைக் கீழே நகர்த்த வேண்டும். எந்த வரியில் கை நிற்கிறதோ அங்கே ஒரு குறி. பேராசிரியரிடம் போய் "பாடம் புரியவில்லை" என்றால் அவருக்கு எங்கே தொடங்குவதென்று தெரியாது. "நாலாவது வரியிலிருந்து ஐந்தாவது எப்படி வந்தது சார்?" என்று கேட்டால் இரண்டே நிமிடத்தில் விளங்கும்.

குழுப் படிப்பு இப்படித் தனியாக எழுதிப் பார்ப்பதற்கு மாற்று ஆகாது. மூன்று நான்கு பேர், ஆளுக்கொரு முறை தனியாக முயன்றுவிட்டு வந்தால் நல்லது. இல்லையென்றால் ஒருவர் விளக்குவார், அவருக்கு மட்டும் பாடம் பதியும்.